இருபத்தோரு டன்

ஜன்னலோரம் நீங்க உக்காருங்கக்கா. எனக்கு வேண்டாம். காத்து வேண்டாம்னு இல்ல. இன்னும் கொஞ்ச தூரத்துல பைபாஸ் ரோடு பிரியுற எடம் வரும். அதைப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல. தெனமும் இந்தப் பஸ்ஸுலதான் போறேன், அந்த எடம் வந்தா கண்ணை மூடிக்கிடுவேன். மூடினாலும் தெரியும், பாத்துக்கிடுங்க. பஸ்ஸு வளையும்லா, அது வயித்துக்குத் தெரியும்.

நீங்களும் பெரியாஸ்பத்திரிக்கா? மகளுக்குப் பேறுகாலமா? நல்லபடியாப் பொறக்கும்க்கா. கவலைப்படாதீங்க. நான் எங்க வீட்டுக்காரவுகளைப் பாக்கப் போறேன். எலும்பு வார்டுல கெடக்காவ. வலது காலை முழங்காலுக்குக் கீழ எடுத்துட்டாவ.

அவுக டிரைவரு, அக்கா. டிரெய்லர் ஓட்டுதாவ. தூத்துக்குடி ரோட்டுல நீங்க பாத்திருப்பீங்களே, ரயில்பெட்டி கணக்கா நீளமா ஒன்னைத் தூக்கி வச்சிக்கிட்டு ஹார்பருக்குப் போகும், அந்த வண்டி. கண்டெய்னர்னு சொல்லுவாவ, எங்களுக்கெல்லாம் அது பெட்டிதான். முத்துமாலைன்னு பேரு அவுகளுக்கு. ஹார்பர்ல போயி முத்துமாலைன்னு கேட்டா ஒருத்தரு ஒரு குத்தம் சொல்ல மாட்டாவன்னு நெனச்சிக்கிட்டிருந்தேன். இப்ப எல்லாரும் சொல்லுதாவ. ஸ்பீடாப் போனானாம். செல்போன் பேசிட்டுப் போனானாம். ஒருத்தன் சொல்லுதான், குடிச்சிருந்தான்னு. அவுக வாயில சாராயம் பட்டு நான் பாத்ததில்லக்கா. கோயில் கொடைக்குக்கூட மோர்தான் குடிப்பாவ.

நடந்தது என்னன்னா, உப்பு லோடு. உப்பை மூடை மூடையா அடுக்கி, பெட்டியை மூடி சீல் வச்சுக் குடுத்துட்டாவ. டிரைவருக்கு உள்ள என்ன இருக்கு, எம்புட்டு இருக்குன்னு தெரியாது. பேப்பர்ல இருபத்தோரு டன்னுன்னு போட்டிருந்துச்சு. அவுக எடுத்துட்டு வாராவ. பைபாஸ் திருப்பத்துல ஸ்டியரிங்கைத் திருப்புதாவ, வண்டி திரும்புது, பெட்டி திரும்பலையாம். பெட்டி நேராப் போகணும்னு நிக்குதாம். அப்படியே ஒரு பக்கமாச் சாஞ்சு, ரோட்டோரம் கொட்டிக் கெடந்த மண்ணு மேல விழுந்துட்டு. பெட்டிக்கு ஒன்னும் ஆகல, ஒரு நசுங்கல்தான். மண்ணு தாங்கிக்கிடுச்சு. அவுக கால் மாட்டிக்கிடுச்சு. அப்புறம்…

அப்புறம் அந்தப் பக்கமா ஒருத்தர் சைக்கிள்ல வந்திருக்காரு. வேல்மயில்னு பேரு. உப்பளத்துல வேலை பாத்துட்டு வீட்டுக்குப் போய்க்கிட்டிருந்தவரு. அவரு பெட்டிக்கு அடியில போயிட்டாரு.

வந்துட்டு பாருங்க, இந்த எடந்தான். தாண்டினதும் சொல்லுங்கக்கா.

தாண்டிட்டா? சரி.

ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சதும் அவுக காலைப் பத்திக் கேக்கலக்கா. என் கையைப் புடிச்சுக்கிட்டு, "கனி, அந்தப் பெட்டி கனம். இருபத்தோரு டன்னு இல்ல அது. இருபது வருசமா ஓட்டுதேன், எனக்குத் தெரியாதா? அதைக் கப்பல்ல ஏத்திருவாவ. ஏத்துறதுக்குள்ள எடை போடச் சொல்லு. கப்பல் ஏறிட்டுன்னா நான்தான் கொலைகாரன்"னு சொன்னாவ. அவ்வளவுதான், மறுபடி மயங்கிட்டாவ.

எனக்கு என்ன தெரியும் சொல்லுங்க? எடையாவது, பெட்டியாவது. நான் பத்துக் கிலோ அரிசிப் பையைத் தூக்கினா மூச்சு வாங்குற ஆளு. ஆனா எனக்கு ஒரு பலம் இருந்துச்சு. என் தம்பி. சிவபெருமாள். அவன் அந்த வேலையிலதான் இருக்கான்.

வெளிநாட்டுக்குப் பெட்டி அனுப்பிக் குடுக்குற ஒரு ஆபீஸ்ல கம்ப்யூட்டர் வேலை. கப்பல்ல ஏத்துறதுக்கு முந்தி, சரக்கும் பெட்டியும் சேத்து எம்புட்டு எடைன்னு கப்பல்காரனுக்கு எழுதிக் குடுக்கணுமாம். அதை வச்சுத்தான் எது கீழ, எது மேலன்னு அடுக்குவாவளாம். எடை தப்பாப் போச்சுன்னா நடுக்கடல்ல கப்பலே சாஞ்சிருமாம். அந்த எடையை எழுதிக் குடுக்குறது அவன்தான். சின்ன வேலையா அது? எங்க அப்பா உப்பளத்துல கூலிக்கு வாரினவரு. அவரு மகன் கப்பலுக்கு எடை சொல்லுதான்! நான் தீப்பெட்டி ஒட்டி அவனைப் படிக்க வச்சேன்கா. வீணாப் போகல.

ரொம்ப சூட்டிகையான பயல். ஒரு ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுல கறிச்சோறு தின்னுக்கிட்டே சொல்லுதான், "ஒவ்வொரு பெட்டியையும் எடைமேடையில ஏத்தி எறக்கிக்கிட்டு நின்னா கப்பல் போயிரும்க்கா. உப்புதானே, போன தடவை போட்ட எடையையே இந்தத் தடவையும் போட்டுற வேண்டியதான். இதுவரைக்கும் ஒருத்தன் கேட்டதில்ல"ன்னு. அவுக சோத்துல கையை வச்சபடியே அவனைப் பாத்தாவ. "மாப்ள, நாளைக்கு அந்தப் பெட்டியை ஓட்டுறது நான்தான்லே"ன்னாவ. தம்பி சிரிச்சான். நானும் சிரிச்சேன். அவுக மட்டும் எந்திரிச்சுப் போயி கையைக் கழுவிட்டு வந்தாவ. அவுகளுக்கு எப்பவுமே என் தம்பியோட வெளையாட்டுப் பேச்சு புடிக்காது.

அப்பேர்ப்பட்டவன் இருக்கான்னுதான் நேரா அவன்கிட்ட ஓடினேன். ஆபீஸ் வாசல்ல வச்சு அழுதேன். "அத்தான் பெட்டி கனம்னு சொல்லுதாவடா, எடை போடணுமாம்"னேன். அவனுக்கு மூஞ்சி வெளுத்துப் போச்சு. அத்தான் மேல அம்புட்டுப் பாசம் அவனுக்கு. அந்த லோடை அவுகளுக்கு வாங்கிக் குடுத்ததே அவன்தானே, அந்த வருத்தம் வேற. என்னைய ஓரமாக் கூட்டிட்டுப் போயி, "அக்கா, இதை வெளிய யார்கிட்டயும் பேசாத. நான் பாத்துக்கிடுதேன். பெரிய பெரிய ஆளுக சம்பந்தப்பட்டது. நீ ஆஸ்பத்திரியில அத்தான் பக்கத்துல இரு"ன்னான்.

சரின்னு இருந்தேன். எத்தனை நாளைக்கு இருக்க முடியும்? அவுக கண்ணு முழிக்கிறப்பல்லாம் "எடை போட்டாச்சா, எடை போட்டாச்சா"ன்னு கேக்காவ. தம்பிக்குப் போன் பண்ணுவேன். "பேசிக்கிட்டிருக்கேன்க்கா"ன்னு வைப்பான்.

இதுக்கு நடுவுல அந்தப் பிள்ளை வந்தா. வேல்மயில் சம்சாரம். ஆஸ்பத்திரிக்குச் சர்டிபிகேட் வாங்க வந்தவ, யாரோ என்னையக் காட்டி விட்டிருக்காவ. நேரா என் முன்னால வந்து நின்னா. அடிக்கப் போறான்னு நெனச்சு, அடிச்சா வாங்கிக்கிடுவோம்னு நானும் நின்னேன். அவ மெதுவாக் கேட்டா, "உங்க வீட்டுக்காரரு குடிச்சிருந்தாராக்கா?"ன்னு. கோவமாக் கேட்டிருந்தா தாங்கியிருப்பேன். அக்கான்னு கூப்பிட்டுக் கேட்டா. அம்மன் சத்தியமா இல்லம்மான்னேன். "அப்ப ஏன் விழுந்துச்சு?"ன்னா.

அப்ப ஏன் விழுந்துச்சு. அதுக்குப் பதில் அந்தப் பெட்டிக்குள்ள மூடிக் கெடக்குக்கா.

போலீஸ் ஸ்டேசனுக்குப் போனேன். தம்பிட்ட சொல்லாமத்தான் போனேன், அவனுக்கு எதுக்குக் கூடுதல் தொந்தரவுன்னு. ஏட்டையா நான் சொன்னதை முழுசாக் கேட்டாரு, அதையும் சொல்லணும். கேட்டுட்டு, "பேப்பர்ல இருபத்தோரு டன்னுன்னு ஆபீஸ்ல எழுதிக் குடுத்திருக்காங்க. நான் அதை நம்பவா, காலொடைஞ்சு கெடக்குறவன் சொல்லுறதை நம்பவா? எடை கூடுதல்னா எடைச் சீட்டைக் கொண்டா"ன்னாரு. நான் என் தலையில அடிச்சுக்கிட்டேன். எடை போட்டாத்தானேய்யா சீட்டு வரும்? விழுந்த பெட்டியைக் கிரேன் வச்சுத் தூக்கி, கப்பல் வார வரைக்கும் பெட்டி வைக்கிற யார்டுக்குள்ள கொண்டு போயி வச்சுட்டாவ, என்னைய யாரு உள்ள விடுவா?

அந்த யார்டு கேட்டுல போயி நின்னேன். ஹார்பர் ரோட்டுல, பெட்டியெல்லாம் மாடி வீடு கணக்கா அடுக்கி வச்சிருப்பாவ. கேட்டுல இருந்த செக்யூரிட்டி, "யம்மா, இங்க நிக்கக்கூடாது"ன்னான். தள்ளிப் போயி எதுத்தாப்புல நின்னேன். மறுநாளும் போனேன். அதுக்கு மறுநாளும். லாரிக்காரங்க ஒருமாதிரிப் பாத்தாவ. என்னமும் நெனச்சிட்டுப் போங்கன்னு நின்னேன். பெட்டி நம்பரை அவுக சொல்லி மனப்பாடம் பண்ணி வச்சிருந்தேன். நம்பர் தப்பினாலும் அந்த நசுங்கல் தெரியும்லா.

தம்பிக்கு எப்படியோ தெரிஞ்சு போன் பண்ணிட்டான். அப்படி ஒரு சத்தம். "உன்னை யாரு அங்க போகச் சொன்னா? மொதல்ல வீட்டுக்குப் போக்கா! நான் பாத்துக்கிடுதேன்னு சொன்னேன்லா!" எனக்கு வெயில் ஒத்துக்கிடாது, மயக்கம் வரும். அது அவனுக்குத் தெரியும். அதான் அப்படிக் கத்தினான். ஆனா நான் போகல.

அன்னைக்குத்தான் பெட்டி வெளிய வந்துச்சு. வேற டிரெய்லர்ல. நம்பர் பாத்தேன். அதேதான். நசுங்கினதைத் தட்டிச் சரி பண்ணியிருக்காவ, இருந்தாலும் பெயிண்டு உரிஞ்ச எடம் காட்டிக் குடுத்துட்டு. ஹார்பர் பக்கமாத் திரும்புது. திரும்பி உள்ள போயிட்டுன்னா முடிஞ்சது கதை.

நான் யோசிக்கலக்கா. ஓடிப்போயி வண்டிக்கு முன்னால ரோட்டுல படுத்துட்டேன்.

சிரிக்காதீங்க. சிரிக்கலையா? சரி. யார்கிட்ட சொன்னாலும் சிரிக்காவ, அதான். நாப்பத்திரெண்டு வயசுப் பொம்பளை, தலைவிரி கோலமா, தார் ரோட்டுல. தார் சூட்டுல முதுகு பொத்துப் போச்சு. பிரேக் சத்தம் காதுக்குள்ள கேட்டுச்சு. சரி, செத்துட்டோம்னுதான் நெனச்சேன்.

டிரைவர் எறங்கி கெட்ட வார்த்தையில வஞ்சுக்கிட்டே வந்தாரு. கிட்ட வந்தவரு நின்னுட்டாரு. "முத்துமாலை சம்சாரம்லா நீ?"ன்னாரு. தொம்மை அண்ணாச்சி. அவுககூட ஒன்னா வண்டி ஓட்டினவரு. திரேஸ்புரம் ஆளு.

நான் எந்திரிக்கவே இல்ல. படுத்துக்கிட்டே கையெடுத்துக் கும்பிட்டேன். "அண்ணாச்சி, ஒரு தடவை எடைமேடையில ஏத்திட்டுப் போங்க. ஒரே ஒரு தடவை. இருபத்தோரு டன்னு காட்டிச்சுன்னா நான் வாயைத் தொறக்கல, எங்க வீட்டுக்காரவுகதான் கொன்னாவன்னு ஒத்துக்கிடுதேன். ஏத்தாமப் போனீங்கன்னா என் மேல ஏத்திட்டுப் போங்க."

அவரு வண்டியைப் பாத்தாரு, ஹார்பரைப் பாத்தாரு. பின்னாடி நாலு வண்டி ஆரன் அடிக்குது. அவரு முதலாளி வேற போன் பண்ணிக்கிட்டே இருக்காரு, "எங்கலே நிக்க, கப்பல் கேட்டை அடைச்சிருவான்"னு. அண்ணாச்சி போனை ஆப் பண்ணிப் பைக்குள்ள போட்டுட்டு, "ஏறு தங்கச்சி"ன்னாரு.

என் வாழ்நாள்ல டிரெய்லர்ல ஏறினது அன்னைக்குத்தான். கல்யாணம் ஆன புதுசுல ஒரு தடவை ஏத்திட்டுப் போங்கன்னு கேட்டேன், அவுக விடல. பொம்பளைப் பிள்ளை ஏறுற வண்டியா இதுன்னாவ.

ஒரு பர்லாங்கு கூட இருக்காது, தனியார் எடைமேடை ஒன்னு. வண்டியை ஏத்தி நிறுத்தினாரு. வெளிய பெருசாச் செகப்பு நம்பர் ஓடுது. ஓடி ஓடி நிக்குது. எனக்கு ஒன்னும் புரியல. அண்ணாச்சி அவரு வண்டியோட வெறும் எடையைக் கழிச்சுக் கணக்குப் பாத்தாரு. மறுபடி பாத்தாரு. அப்புறம் ஸ்டியரிங்குல நெத்தியை வச்சுக்கிட்டு, "யேசுவே"ன்னாரு.

இருபத்தெட்டு டன்னு, அக்கா. ஏழு டன்னு கூட. நூத்தி நாப்பது மூடை உப்பு. அவ்வளவையும் யாரும் சொல்லாம எங்க வீட்டுக்காரவுக முதுகுல ஏத்தி விட்டிருக்காவ.

நான் அழுதேனா சிரிச்சேனான்னு தெரியல. எடைமேடைக்காரர் தண்ணி குடுத்தாரு. அண்ணாச்சி கையில இருந்த பேப்பரைப் பிரிச்சுப் பாத்து, "எந்தப் படுபாவி இருபத்தோரு டன்னுன்னு எழுதிக் குடுத்தது?"ன்னு வாசிச்சாரு. கீழ பேரு போட்டிருக்கும்லா. வாசிச்சவரு என் மூஞ்சியைப் பாத்தாரு. "சிவபெருமாளு யாரும்மா, உன் தம்பிதானே?"ன்னாரு.

ஆமாண்ணாச்சி, எல்லாப் பெட்டிக்கும் அவன் பேருதான் வரும், அவன்தானே கம்ப்யூட்டர்ல ஏத்துதான்னேன். எழுதச் சொன்னவன் எவனோ, மாட்டினது என் தம்பி. ஆபீஸ்னா அப்படித்தானே? கணக்குப்பிள்ளை கையெழுத்துப் போட்டா மொதலாளி செஞ்சதுதானே? அண்ணாச்சிக்கு அது வெளங்கல. எடைச் சீட்டை என் கையில வச்சு மூடி, "தங்கச்சி, இதை நேரா ஏட்டையாட்ட கொண்டு போ. நடுவுல யார்கிட்டயும் குடுக்காத. யார்கிட்டயும்னா யார்கிட்டயும். பெட்டியை நான் கொண்டு போயித்தான் ஆகணும், என் பொழைப்பு இது. என்னால ஆனது இவ்வளவுதான்"னாரு. அவரு கண்ணு கலங்கியிருந்துச்சு. பெட்டி அன்னைக்கே கப்பல் ஏறிட்டு.

நான் ஏட்டையாகிட்டதான் போயிருப்பேன். ஆனா எடைமேடை வாசல்லயே தம்பி பைக்குல வந்து நின்னுட்டான். மூச்சு எரைக்குது அவனுக்கு, சட்டையெல்லாம் வேர்வை. எனக்காக எங்கெங்க தேடினானோ. "அக்கா, சீட்டு எங்க?"ன்னான். காட்டினேன். வாங்கிப் பாத்தான். "இந்தக் காயிதம் வெயில்ல வெளுத்துரும்க்கா, எழுத்து அழிஞ்சு போகும். உன்கிட்ட இருந்தா கண்ணீரும் வேர்வையும் பட்டே போயிரும். எங்க ஆபீஸ் வக்கீல்ட்ட குடுத்து நானே ஸ்டேசன்ல சேத்துருதேன்"னான். படிச்ச பிள்ளை சொல்லும்போது கேக்கணும்லா? குடுத்துட்டேன். என்னைய வீடு வரைக்கும் கொண்டு வந்து விட்டுட்டுத்தான் போனான். போறப்ப என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். அவன் கல்யாணத்துக்கு அப்புறம் என் காலைத் தொட்டதே இல்ல.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அவுகட்ட சொன்னேன், எடை போட்டாச்சு, இருபத்தெட்டு டன்னு, நீங்க சொன்னது சரிதான்னு. அப்படி ஒரு சிரிப்பு சிரிச்சாவ அக்கா. கால் போனதுக்கப்புறம் அன்னைக்குத்தான் சிரிச்சாவ. கையை நீட்டி, "சீட்டைக் குடு, பாப்போம்"னாவ. தம்பிட்ட குடுத்திருக்கேன், அவன் வக்கீல்ட்ட சேத்துருவான்னேன்.

நீட்டின கை அப்படியே நின்னுச்சு. அப்புறம் போர்வைக்குள்ள போயிட்டு. சொவத்துப் பக்கமாத் திரும்பிப் படுத்துட்டாவ. அன்னையிலருந்து என்கிட்ட பேச்சு இல்ல. என்ன கேட்டாலும் சொவருதான். வெட்டின காலு வலிக்குது போல. நர்ஸ் சொன்னா, இல்லாத கால்கூட வலிக்குமாம். அதாத்தான் இருக்கும்.

தம்பியும் பாவம். தெனமும் கேக்கேன். வக்கீல் மதுரைக்குப் போயிருக்காருங்கான். வந்ததும் சேத்துருவேங்கான். நேத்து கேஸ் தாளு வந்துட்டு, எங்க வீட்டுக்காரவுக பேர்ல மட்டும். அதையும் அவன்கிட்ட சொன்னேன். பதறாதக்காங்கான். ஏழு டன்னு இருக்கும்போது எதுக்குப் பதறணும், நீங்களே சொல்லுங்க?

என்னக்கா, அப்படிப் பாக்கீங்க?

சொல்லுங்க, பரவாயில்ல. என்னமோ கேக்க வாரீங்க.

எடைமேடைக்காரர் கம்ப்யூட்டர்ல அந்த எடை இருக்குமான்னா கேக்கீங்க? அவரு கம்ப்யூட்டர்ல எப்படி இருக்கும்? சீட்டுதான் என்கிட்ட குடுத்துட்டாரே. ஓ… உங்க ஊர்ல நெல்லு எடை போடையில அப்படித்தானா? தொலைஞ்சு போச்சுன்னு கேட்டா இன்னொன்னு அடிச்சுக் குடுப்பாவளா? தேதியும் வண்டி நம்பரும் சொன்னாப் போதுமா.

எதுக்குக்கா? அதான் தம்பிட்ட பத்திரமா இருக்கே.

…

எத்தனை நாளைக்கு வச்சிருப்பாவ? அழிச்சிருவாவளா? யாராவது போயி அழிக்கச் சொன்னா அழிப்பாவளா?

…

யண்ணே! கண்டக்டரண்ணே! வாகைகுளத்துல எறக்கம்! ஆமாண்ணே, டிக்கெட்டு பெரியாஸ்பத்திரிக்குத்தான் எடுத்தேன். பரவாயில்ல, எறக்கி விடுங்க. எதுத்தாப்புல தூத்துக்குடி பஸ்ஸு நிக்கும்லா?

தம்பி மேல சந்தேகப்பட்டு ஒன்னும் எறங்கலக்கா. அப்படி நெனச்சிராதீங்க. நான் வளத்த பிள்ளை. சும்மா, நம்மகிட்டயும் ஒன்னு இருக்கட்டுமேன்னுதான். வேல்மயில் சம்சாரத்துக்கும் ஒன்னு காட்டணும். ஏட்டையாட்டயும் நானே ஒரு எட்டுப் போயிக் குடுத்துட்டா தம்பிக்கு அலைச்சல் மிச்சம் பாருங்க.

அக்கா, நீங்க அங்கதானே போறீங்க, இந்தத் தூக்குவாளியை மட்டும் எலும்பு வார்டுல முத்துமாலைன்னு கேட்டுக் குடுத்திருதீங்களா? கஞ்சிதான். சொவத்தைப் பாத்துப் படுத்திருப்பாவ, கூப்பிட்டாத் திரும்ப மாட்டாவ. எடைமேடைக்குப் போயிருக்கான்னு சொல்லுங்க. திரும்புவாவ.

போன் அடிக்குதா? ஆமா, தம்பிதான். எப்பவும் இந்த நேரத்துக்குப் பண்ணுவான், எங்க இருக்கன்னு கேப்பான்.

வேண்டாம்க்கா, பஸ்ஸு சத்தத்துல ஒன்னும் கேக்காது. எடை போட்ட எடத்துக்குப் போயிச் சேந்துட்டு எடுத்துக்கிடுதேன்.